ஆன்லைன் சூதாட்ட வேலைக்கு அழைப்பு வந்தால்: கேட்கப்போகும் சொற்களும் அவற்றின் கணக்கும்

“தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தால் போதும். சாட் ப்ராசஸ். இரவுப் பணி. தங்குமிடம் இலவசம்.” வாட்ஸ்அப் குழுவில் வரும் இப்படிப்பட்ட வேலை அறிவிப்பில் நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் இருக்காது, என்ன தொழில் என்பதும் இருக்காது. பேசத் தொடங்கிய பிறகுதான் ‘கேமிங்’ என்ற சொல் வெளியே வரும். பின்னாலேயே ஆர்டிபி, எஃப்டிடி, ரெவ் ஷேர், ரிடென்ஷன் என்று வரிசை கட்டும். மதுரையில் இலந்தைகுளம் எல்காட் பூங்காவிலும் கே.கே. நகர், காளவாசல் பக்கத்துச் சிறு அலுவலகங்களிலும் வேலை தேடி அலையும் பிள்ளைகளுக்காகவும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்தில் வீட்டிலிருந்தே செய்ய ஒரு வேலை கிடைக்காதா என்று பார்க்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆடுபவரின் பணம் எந்த வழியாக யார் கைக்குப் போகிறது என்பதை இந்தத் தொழிலின் ஒவ்வொரு சொல்லும் சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால், உங்களுக்குத் தரப்போகும் வேலை எது என்பது நேர்காணல் முடிவதற்குள் விளங்கிவிடும்.

அடிப்படை: ஹவுஸ் எட்ஜ், ஆர்டிபி

முதல் சொல் ஹவுஸ் எட்ஜ். நடத்துபவருக்கு ஆட்டத்தின் விதியிலேயே வைக்கப்பட்டிருக்கும் பங்கு அது. ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உண்டு. ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து அது விழுந்தால் வைத்த பணத்தைத் திருப்பித் தந்து, அதற்கு மேல் 35 மடங்கு, அதாவது 3,500 ரூபாய் தருவார்கள். 37 எண்களுக்கு நியாயமான தொகை 36 மடங்கு. அந்த ஒரு மடங்கு இடைவெளிதான் ஹவுஸ் எட்ஜ்: 37-ல் 1, அதாவது 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்ஜியமும் சேர்வதால் அது 5.26 சதவீதம் ஆகிறது. ஏமாற்று எதுவும் இல்லாத, முழுக்க நேர்மையாகச் சுற்றும் சக்கரத்தின் கணக்கே இது.

ஆர்டிபி என்பது இதே கணக்கின் மறுபக்கம். ஆடுபவர்கள் வைக்கும் மொத்தப் பணத்தில் அவர்களுக்குத் திரும்பிப் போகும் சதவீதம் அது. ‘ஆர்டிபி 96’ என்று விளம்பரத்தில் எழுதினால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 96, நீங்கள் கொண்டுவந்த பணத்துக்கான கணக்கு அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் வைக்கும் பணத்துக்கான கணக்கு. ஸ்லாட் ஆட்டத்தில் சுற்றுக்கு 5 ரூபாய், நிமிடத்துக்கு 10 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 600 சுற்று, 3,000 ரூபாய் பந்தயம். அதில் 4 சதவீதம் 120 ரூபாய். கையில் 500 ரூபாயோடு உட்கார்ந்தவரிடமிருந்து சராசரியாக மணிக்கு 120 ரூபாய் கழிகிறது. பயன்படுத்திய பணமே திரும்பத் திரும்பப் பந்தயமாவதுதான் இதன் சூட்சுமம். வேகம் கூடினால் இழப்பும் கூடும். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபர் இறுதியிலிருந்து ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 வினாடி ஆக வேண்டும் என்று விதித்ததும், ‘ஆட்டோப்ளே’ வசதியைத் தடை செய்ததும் இதற்காகத்தான்.

கேசினோ மேஜைகளில் ‘டிராப்’, ‘ஹோல்ட்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. சில்லுகளாக மாற்ற வந்த மொத்தப் பணம் டிராப்; அதில் கடைசியில் மேஜையில் தங்கியது ஹோல்ட். ஒருவர் 1,000 ரூபாய்க்குச் சில்லு வாங்கி, 100 ரூபாய் வீதம் 75 சுற்று ஆடினால் அவர் வைத்த பந்தயம் 7,500 ரூபாய். அதில் 2.7 சதவீதம் சுமார் 200 ரூபாய். ஆக, 2.7 சதவீத ஹவுஸ் எட்ஜ் 20 சதவீத ஹோல்ட் ஆகிவிட்டது. நேர்காணலில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்குத் தொழில் தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆடும் நண்பருக்கும் இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

ஆர்என்ஜி என்பது சீரற்ற எண்களைத் தரும் மென்பொருள். அதற்கு முந்தைய சுற்றின் நினைவு கிடையாது. ஐந்து முறை சிவப்பு வந்துவிட்டதால் ஆறாவது பச்சைதான் என்று நம்பி, கலர் ப்ரெடிக்ஷன் செயலிகளில் கல்லூரிக் கட்டணத்தை இழக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செயலிகளில் பலவற்றில் ஆர்என்ஜியைச் சோதித்துச் சான்று தந்தவர் என்று யாருமே இல்லை. டெலிகிராமில் ‘சிக்னல்’ தருகிறேன் என்பவருக்கும் அடுத்த நிறம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, உங்களைச் சேர்த்துவிட்டால் கிடைக்கும் கமிஷன்.

போனஸும் ரேக்கும்

‘100 சதவீத வெல்கம் போனஸ்’ என்ற வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘வேஜரிங் 30 மடங்கு’ என்று இருக்கும். 1,000 ரூபாய் கட்டினால் 1,000 ரூபாய் போனஸ். ஆனால் போனஸைப் போல 30 மடங்கு, அதாவது 30,000 ரூபாய்க்குப் பந்தயம் வைத்து முடிக்கும்வரை பணத்தை வெளியே எடுக்க முடியாது. மேலே பார்த்த 4 சதவீதத்தை 30,000-க்குப் போட்டால் 1,200 ரூபாய். கொடுத்த போனஸைவிட அதைப் பெறும் வழியில் கழியும் பணம் அதிகம். உள்ளடக்கம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தால் இந்தச் சிறிய எழுத்துப் பகுதியைத்தான் முதலில் படிக்கக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்கும் இடத்தில் எழுத வேண்டாம்.

கிரிக்கெட் பந்தயத்தில் போனஸுக்குப் பதில் விகிதம் பேசும். டாஸுக்கு இரு பக்கமும் 1.90, அதாவது ஒரு ரூபாய் வைத்து ஜெயித்தால் 1.90 ரூபாய், என்று வைத்திருப்பார்கள். இரு பக்கமும் தலா 1,000 ரூபாய் வந்தால் வசூல் 2,000, கொடுப்பது 1,900. மீதி 100 நடத்துபவருக்கு. விகிதத்தில் வைத்திருக்கும் இந்த உபரிக்கு ஓவர்ரவுண்ட் என்று பெயர்.

ரம்மியில் ஆடுபவர்கள் ஒருவரோடு ஒருவர்தானே மோதுகிறார்கள், நடத்துபவருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குத்தான் ரேக். ஆறு பேர் தலா 100 ரூபாய் வைத்தால் 600. பத்து சதவீதம் ரேக் என்றால் 60 ரூபாயை எடுத்துக்கொண்டு ஜெயித்தவருக்கு 540 தருவார்கள். இப்படிப் பத்து ஆட்டம் முடிந்தால் மேஜையிலிருந்து 600 ரூபாய் வெளியே போயிருக்கும். ஊரிலுள்ள சீட்டாட்டக் கிளப்பிலும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள். ஆனால் அங்கே சீட்டைக் கலைக்கவும் கணக்கு எழுதவும் நேரம் பிடிக்கும், இரவு ஒரு நேரத்தில் விளக்கை அணைப்பார்கள். கைப்பேசியில் அந்தத் தடைகள் இல்லை. முதல் டிராப் (ரம்மியில் டிராப் என்றால் ஆட்டத்திலிருந்து விலகுவது) 20, நடு டிராப் 40, ஃபுல் கவுண்ட் 80 என்று ஆட்டத்தை நன்கு அறிந்தவரும், ரேக் என்ன என்று கேட்டால் விழிப்பதைப் பார்க்கலாம். திறமை இருந்தால் எதிரே இருப்பவரை வெல்லலாம். ரேக்கை வெல்ல முடியாது.

அலுவலகத்தில் புழங்கும் சொற்கள்

இனி உங்கள் வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ள சொற்கள். இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

ஜிஜிஆர் என்றால் வைக்கப்பட்ட பந்தயத்திலிருந்து வெற்றித் தொகையைக் கழித்த மீதி. வெளிப்படையாகச் சொன்னால், ஆடியவர்கள் மொத்தமாக இழந்தது. ‘இந்த மாதம் ஜிஜிஆர் இலக்கு’ என்று மேலாளர் பலகையில் ஒரு தொகை எழுதினால், அவ்வளவு பணம் இழக்கப்பட வேண்டும் என்பதே அதன் பொருள்.

எஃப்டிடி என்றால் ஒரு புதிய ஆளின் முதல் டெபாசிட். மார்க்கெட்டிங் வேலையில் உங்கள் ஊக்கத்தொகை இதன் மேல்தான் கணக்கிடப்படும். ‘அஃபிலியேட்’ என்பவர் ஆள் சேர்ப்பவர். அவருக்கு இரண்டு வகையில் கூலி உண்டு. சிபிஏ என்றால் தலைக்கு இவ்வளவு. ரெவ் ஷேர் என்றால், அவர் சேர்த்துவிட்டவர்கள் இழக்கும் பணத்தில் ஒரு பங்கு. 30 சதவீத ரெவ் ஷேரில் உங்கள் இணைப்பு வழியாகச் சேர்ந்த நண்பர் 10,000 ரூபாய் இழந்தால் உங்களுக்கு 3,000. அவர் ஜெயித்தால் ஒன்றுமில்லை. ‘உங்க சேனல்ல ஒரு லிங்க் மட்டும் போடுங்க’ என்று யூடியூப், இன்ஸ்டாகிராம் வைத்திருக்கும் பிள்ளைகளை அணுகுகிறார்களே, அவர்கள் தருவது இந்தக் கூலிதான். வேலையை ஏற்கும் முன் ‘சிபிஏவா, ரெவ் ஷேரா’ என்று கேட்டுவிடுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகிவிடும்.

ரிடென்ஷன், ரீஆக்டிவேஷன் என்பவை ஆடுவதை நிறுத்தியவரைத் திரும்ப அழைக்கும் பணி. ஒரு வாரமாக டெபாசிட் செய்யாதவர்களின் பட்டியலைக் கொடுத்து, ‘அண்ணே, உங்களுக்காக ஸ்பெஷல் போனஸ் வச்சிருக்கோம்ணே’ என்று பேசச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர், மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தியவராக இருக்கலாம். ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்று துடித்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். அந்தத் துடிப்புக்குத் தொழிலில் ‘சேஸிங்’ என்று பெயர். ‘விஐபி’ என்பவர் அதிகம் இழப்பவர். அவரோடு தினமும் பேசுவதற்கென்றே தனி ஆள் வைப்பார்கள். தமிழில் இனிமையாகப் பேசத் தெரிந்த ஒருவரை மதுரையில் தேடுவதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கும். நம் பேச்சில் உள்ள உரிமையும் பாசமும் அங்கே கருவியாகிவிடுகின்றன. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வலிப்பது இதுதான்.

இன்னொரு சொல், ரிவர்ஸ் வித்ட்ராயல். ஜெயித்தவர் பணத்தை எடுக்கக் கேட்டதும் ‘பெண்டிங்’ என்று நிறுத்திவைத்து, இடையில் அவரே அதை ரத்து செய்து மீண்டும் ஆட வழி விடுவது. மேலே சொன்ன அதே 2021 விதிகளில் பிரிட்டன் இதையும் தடை செய்தது. பணம் கேட்டு வருபவரை இழுத்தடிக்கச் சொல்லும் எழுத்து வடிவ உரை உங்கள் கையில் தரப்பட்டால், அது எந்த மாதிரி இடம் என்று வேறு சான்று தேட வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கச் சொற்களும் உண்டு: கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு), டெபாசிட் லிமிட் (கட்டும் பணத்துக்கு வரம்பு), கூல் ஆஃப் (சிறிது காலம் ஆடாமல் இருக்கும் இடைவெளி), செல்ஃப் எக்ஸ்க்ளூஷன். கடைசிச் சொல், ஆடுபவர் தன்னைத் தானே விலக்கிவைக்கும் ஏற்பாடு. ஒழுங்குக்கு உட்பட்ட நிறுவனங்களில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கும். நேர்காணலில் ‘செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் கேட்டவருக்கு மறுபடி போனஸ் செய்தி போகுமா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டம், மதுரைக் கிளையிலிருந்து

இந்த விஷயத்தில் மதுரைக்குத் தனி இடம் உண்டு. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி பி. புகழேந்தி, சீட்டாட்ட வழக்கு ஒன்றை விசாரிக்கும்போது ஆன்லைன் ரம்மியைக் கட்டுப்படுத்தச் சட்டம் தேவை என்று அரசுக்குச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் நீதிபதிகள் என். கிருபாகரன், புகழேந்தி அமர்வு, ஆன்லைன் விளையாட்டு விளம்பரங்களில் தோன்றிய விராட் கோலி, சவுரவ் கங்குலி, நடிகர்கள் சிலர் ஆகியோருக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. அந்த மாதமே ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் மாநில அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதன் அடிப்படையிலான சட்டத்தை ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கை, 2022 அக்டோபரில் புதிய மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் என்று நகர்ந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று சேர்த்திருந்த பகுதியை மட்டும் நீக்கியது.

அந்த மாநிலச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம்வரை உண்டு. விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டுவரை, நடத்துபவருக்கு மூன்றாண்டுவரை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்நுழைவதைத் தடுத்தன. ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. தமிழ் வாடிக்கையாளர்களுக்காக விடிய விடிய சாட் வேலை என்று ஒருவர் அழைத்தால், இந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம். அதில் மூன்று சொற்கள் முக்கியம்: ஈ-ஸ்போர்ட்ஸ், சோஷியல் கேம், மணி கேம். முதல் இரண்டுக்கும் சட்டம் இடம் தருகிறது. பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடும் மணி கேம், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை. நடத்துபவருக்கு மூன்றாண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். விளம்பரத்துக்கு இரண்டாண்டுவரை, 50 லட்சம்வரை. நடத்த உதவுவதும் தூண்டுவதும் பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்வதும் இந்தச் சட்டத்தின் தடைக்குள் அடங்கும். நடத்துவதும் பணப் பரிமாற்றமும் பிணையில் விட முடியாத குற்றங்கள். ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை, வேலை செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ட்ரீம்11 உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் உடனே பணப் போட்டிகளை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

ஆகவே ‘எங்களிடம் குராசாவ் லைசன்ஸ் இருக்கிறது’ என்று சொல்பவரிடம் மயங்காதீர்கள். கரீபியன் தீவு ஒன்றின் உரிமம் மதுரையில் உட்கார்ந்து வேலை செய்பவரைக் காக்காது. ‘டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வரி) கிடையாது’ என்று விளம்பரம் எழுதச் சொல்பவரையும் நம்பாதீர்கள். ஆன்லைன் விளையாட்டின் நிகர வெற்றியில் 30 சதவீத டிடிஎஸ் 2023 ஏப்ரல் 1 முதல் சட்டமாக இருக்கிறது.

ஐடி, பேனல், அக்கவுண்ட்

அலுவலகமே இல்லாமல் நடப்பது இன்னொரு பக்கம். ‘ஐடி’ என்றால் பந்தயத் தளத்தில் ஆடுவதற்கு ஏஜென்ட் தரும் பயனர் கணக்கு. ‘பேனல்’ என்றால் பல ஐடிகளை நிர்வகிக்கும் கிளை. மகாதேவ் ஆன்லைன் புக் என்ற பந்தயத் தளத்தின் மீதான வழக்கில் இந்தப் பேனல்கள் 70-க்கு 30 என்ற லாபப் பங்கீட்டில் கிளைகளாகக் கொடுக்கப்பட்டன என்று 2023-ல் அமலாக்கத் துறை கூறியது. ‘பேனல் ஆபரேட்டர்’ என்ற பெயரில் கணினி வேலை என்று வந்தால் அது இதுதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வேலை என்றே தெரியாமல் வருவது. “மாப்ள, ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி ஏடிஎம் கார்டையும் சிம்மையும் குடுடா. மாசாமாசம் காசு வந்துரும், ஒனக்கு ஒரு வேலையும் இல்ல” என்று கூடப் படித்தவனே கேட்பான். இதைத்தான் மியூல் அக்கவுண்ட் என்கிறார்கள். சூதாட்டப் பணமும் மோசடிப் பணமும் அந்தக் கணக்கு வழியாக ஓடும். புகார் வந்தால் காவல் துறை தேடி வருவது கணக்கின் பெயரில் இருப்பவரைத்தான். “எனக்கு வேண்டாம்டா மாப்ள, நீயும் குடுக்காத” என்று அங்கேயே முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டு அழைப்புக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கம்போடியா 2019 ஆகஸ்டில் ஆன்லைன் சூதாட்ட உரிமம் தருவதை நிறுத்தியது. காலியான கேசினோ வளாகங்களில் பல, சைபர் மோசடி மையங்களாயின. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைபட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். ‘டேட்டா என்ட்ரி’, ‘கஸ்டமர் சப்போர்ட்’, ‘கேசினோ சாட்’ என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

நேர் வழிகள்

கோவாவிலும் சிக்கிமிலும் உரிமம் பெற்ற கேசினோக்கள் இருக்கின்றன. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர்கள் அங்கே டீலராகவும், பணமும் சில்லும் மாற்றும் ‘கேஜ்’ பிரிவிலும், மேஜைகளை மேற்பார்வையிடும் ‘பிட்’ பிரிவிலும் வேலைக்குப் போகிறார்கள். அது சட்டப்படியான வேலை. போவதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சிக்கும் வீட்டாருக்கும் இடையிலானது. விளையாட்டு உருவாக்கம், ஈ-ஸ்போர்ட்ஸ் போட்டி நடத்துதல் ஆகியவற்றில் சூதாட்டம் இல்லாமலே இடம் உண்டு. இந்தத் துறையில் ஏற்கெனவே வேலை பார்த்து வெளியே வந்தவர்கள் கூச வேண்டாம். கேஒய்சி சரிபார்ப்பு, சந்தேகப் பரிவர்த்தனைக் கண்காணிப்பு, பேமென்ட் சமன்செய்தல் ஆகியவை வங்கிகளும் நிதித் தொழில்நுட்ப நிறுவனங்களும் தேடும் திறன்கள். தன்விவரத்தில் அவற்றை முன்னால் எழுதுங்கள். ‘எஃப்டிடி இலக்கு எட்டினேன்’ என்பதை எடுத்துவிடுங்கள்.

தெரியாமல் கணக்கைக் கொடுத்துவிட்டு அது முடக்கப்பட்டிருந்தால், புதுக் கணக்கு தொடங்கி மறைக்கப் பார்க்காதீர்கள். வங்கிக் கிளைக்குப் போய் எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கார்டையும் சிம்மையும் உடனே தடை செய்யுங்கள். கேட்டவனின் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். பணத்தை நீங்களே மோசடியில் இழந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு பணம் இடையில் நிறுத்தப்பட வாய்ப்பு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100. ஆடுவதை நிறுத்த முடியாமல் தவிப்பவர் வீட்டில் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள்.